அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை தெரியுமா?

7 ஜூன் 2025, மேலமாசி வீதி

தனுஷ்கோடி போய் வந்த உறவினர் ஒரு வீடியோ காட்டினார். அரிச்சல்முனையில் நின்றுகொண்டு "அதோ பார், இலங்கை" என்கிறார். அங்கே மணல்மேட்டில் 50 கஜத்துக்கு இந்தியா–இலங்கை நில எல்லை ஓடுகிறதாம், உலகத்திலேயே சின்ன எல்லையாம். ஊரில் ஒரு ஆளும் கிடையாதாம், பேய் நகரமாம். இதில் எது உண்மை? புராணம் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

7 ஜூன், வாடைக்கரை

மூன்றும் தப்பு.

இலங்கை தெரியாது. கணக்கு இதுதான்: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கி.மீ. என்று வரும். கரையில் நிற்கிற ஆளுக்குக் கண் உயரம் 1.7 மீட்டர், ஆக 5 கி.மீ. அக்கரையில் 15 மீட்டர் பனை நின்றால் அதன் பங்குக்கு 15 கி.மீ. மொத்தம் 20. தலைமன்னாரோ அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கி.மீ. பனையின் உச்சிகூடக் கடலுக்கு மேலே வராது. உறவினர் பார்த்தது மணல் தீடை, அதாவது கடல் நடுவே தலைநீட்டும் மணல் திட்டு. அதில் வெள்ளையாக அசைந்தது கடற்காகம்.

நில எல்லை என்று இந்தியா–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. 1974 ஒப்பந்தம் 6 புள்ளிகளைக் கொடுத்து நேர்கோடுகளால் இணைத்திருக்கிறது. கடைசி இரண்டு புள்ளிகள் 9°13' வடக்கு, 79°32' கிழக்கு; 9°06' வடக்கு, 79°32' கிழக்கு. இரண்டுக்கும் தீர்க்கரேகை ஒன்றுதான், அதனால் தீடைகளின் குறுக்கே எல்லை ஒரே தெற்கு வடக்குக் கோடாக 13 கி.மீ. ஓடுகிறது. அரிச்சல்முனையிலிருந்து அதற்கு 9 முதல் 10 கி.மீ.

ஆள் இல்லை என்பது சுத்தப் பொய். கம்பிப்பாடு, பாலம், முகுந்தராயர் சத்திரம் என்று மூன்று இடத்தில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயில் நிலையம், தபாலாபீஸ், மாதாகோயில் எல்லாம் போனது, அரசு இனி வாழத் தகுதியில்லாத ஊர் என்று அறிவித்தது, இரண்டும் நிஜம். ஆனால் மீன் இருக்கிற கரையை விட்டு மீனவன் எத்தனை நாள் தள்ளியிருப்பான்?

8 ஜூன், சர்வே சங்கிலி

ஒரு ஒட்டு. அந்த 79°32' என்பது பாகை, கலை. அதை அப்படியே 79.32 என்று ஜிபிஎஸ் கருவியில் அடிக்கிறவர்கள் உண்டு. 32ஐ 60ஆல் வகுத்தால் 0.5333, ஆக தசமத்தில் 79.5333. வித்தியாசம் 23 கி.மீ.க்கு மேல். 79.32 எங்கே விழும் தெரியுமா? ராமேஸ்வரம் கோயில் பக்கத்தில். எல்லையைக் கொண்டுபோய் அக்னி தீர்த்தத்தில் போட்ட மாதிரி.

கருவி வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அமைப்பில் எந்த வடிவம் இருக்கிறது என்பதை. பாகை–கலை–கலையின் தசமம் என்று வைத்துக்கொண்டால் ஒப்பந்த எண்ணை அப்படியே போடலாம். படகில் இரண்டு கருவி இருந்தால் இரண்டிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். வாக்கிடாக்கியில் ஒருத்தர் சொல்லும் எண் இன்னொருத்தர் கருவியில் வேறு இடமாகிவிடும்.

எச்சரிக்கை மணியை எல்லைக்கு 2 கடல் மைல் முன்னாலேயே வையுங்கள். எல்லையிலேயே வைத்தால் மணி அடிக்கிறபோது அந்தப் பக்கத்தில் இருப்பீர்கள்.

8 ஜூன், மேலமாசி வீதி

கச்சத்தீவு இந்தக் கோட்டில் எங்கே வருகிறது அண்ணே?

8 ஜூன், சர்வே சங்கிலி

கோட்டுக்குக் கிழக்கே, சுமார் ஒரு கடல் மைல் தள்ளி. 3ஆம் புள்ளி 9°40.15', 79°22.60'. 4ஆம் புள்ளி 9°21.80', 79°30.70'. இரண்டையும் அடிமட்டத்தால் இணைத்துப் பாருங்கள், தீவு வலது பக்கம் நிற்கும். அரசியல் பேசத் தனி இழை இருக்கிறது, இங்கே இழுக்க வேண்டாம்.

10 ஜூன், உருளைக்கட்டை

எண் சரி தம்பி. ஆனால் எல்லை தாண்டுகிறவன் எல்லாம் எண் தெரியாமல் தாண்டவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிறது. தண்ணீர் மணிக்கு ஒரு கடல் மைல் ஓடுகிறது என்று வையுங்கள். நீரோட்டத்தோடு மிதக்கிற வழிவலை போட்டு 5 மணி நேரம் மிதந்தால் 5 கடல் மைல், அதாவது 9.26 கி.மீ. முனையிலிருந்து எல்லைக்கு இருக்கிற தூரமே அவ்வளவுதான். வலையோடு படகும் போகும், படுத்திருப்பவனுக்கு எதுவும் அசைந்த மாதிரியே இருக்காது.

தீடைப் பக்கம் இன்னொரு வம்பு உண்டு. ஆழம் ஓரிடத்தில் ஒரு ஆள், அடுத்த கூப்பிடு தூரத்தில் முழங்கால். இன்ஜின் விசிறி மணலில் அடித்தால் அச்சிலே இருக்கிற சின்னப் பின் ஒடியும். இன்ஜினைக் காப்பாற்றத்தான் அந்தப் பின்னை மெலிசாக வைத்திருக்கிறான், அது ஒடிவது நல்லதுதான். ஆனால் மாற்றுப் பின் இல்லாதவன் இன்ஜின் உறுமுகிறதே, படகு ஏன் போகவில்லை என்று முழிப்பான். ஆணியை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. போடாதீர்கள். அடுத்த தடவை ஆணி ஒடியாது, பல்சக்கரம்தான் ஒடியும்.

கூட இருக்க வேண்டியவை: பின் 4, ஸ்பார்க் பிளக் 2, பிளக் கழற்றும் சாவி, நங்கூரம், ஆழத்தைப் போல 5 மடங்கு கயிறு. கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் மணலைக் கவ்வாது, உழுதுகொண்டே போகும். இன்ஜின் நின்றதும் முதல் வேலை நங்கூரம் போடுவது, இரண்டாவது ரிப்பேர். பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு விசிறியைக் கழற்றி முடிக்கும்போது ஒரு மைல் போயிருப்பார்கள்.

11 ஜூன், வாடைக்கரை

முதல் பதிலில் கொஞ்சம் அவசரப்பட்டேன். எல்லைக்கோடு விழுகிற இடத்தில் இன்றைக்கு ஒரு மணல் திட்டு தலைநீட்டிக்கொண்டிருந்தால், அந்த நேரத்துக்கு அது மணல் மேல் போகும் கோடுதான். ஆனால் திட்டு அடுத்த வாடைக்காற்றில் கரைந்து நூறு அடி தள்ளி முளைக்கும். கோடு நகராது. அதனால் "50 கஜம்" என்று நீளம் சொல்வதில்தான் அர்த்தமில்லை.

12 ஜூன், மேலமாசி வீதி

ஊரில் ஆள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு கி.மீ. கூட அகலம் இல்லாத மணல். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது?

12 ஜூன், வாடைக்கரை

காலடியில் இருந்து. இந்த இழையில் உருப்படியான கேள்வி இதுதான், கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

மழைத்தண்ணீர் மணலில் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீர் எடை அதிகம். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அதைப்போல 40 மடங்கு கீழேயும் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 5 செ.மீ. என்றால் கீழே 2 மீட்டர். ஊற்றில் இறைத்து மட்டத்தை 2 செ.மீ. இறக்கினால், அடியிலிருந்து உப்பு 80 செ.மீ. ஏறப் பார்க்கும். தனுஷ்கோடி ஊற்றின் சூட்சுமம் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆழமாகத் தோண்டக் கூடாது, வேகமாக இறைக்கக் கூடாது.

தோண்டுகிற விதம்:

இடம் நடுநிலத்தில், மணல்மேட்டின் அடிவாரத்தில். மேட்டின் உச்சியில் தோண்டினால் வீண் உழைப்பு. கரையோரம் போனால் உப்பு. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் இருக்கிற இடம் என்று சும்மா சொல்வார்கள், அவை உப்புக்காற்றிலும் வளரும், அதை மட்டும் நம்பாதீர்கள். பனை பச்சையாக நிற்கிற பக்கம் மேல்.

காய்ந்த மணல் சரியும். 4 அடி இறங்க வேண்டுமானால் வாய் 12, 14 அடிக்கு அகலமாக வேண்டும். அதனால் முதலில் மேல்மணலை மண்வெட்டியால் அகலமாக வழித்துத் தள்ளிவிட வேண்டும். மணல் நிறம் மாறி ஈரமானதும் அது நிற்கும். அப்போது அடிப்பகுதி வெட்டின 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மையோ சிமென்ட் உறையையோ வைத்து உள்ளே இருந்து மணலை அள்ள, உறை தானாக இறங்கும். வெளியிலிருந்து அமுக்கினால் சாயும். மழை முடிந்த தை மாசத்தில் 2, 3 அடியிலேயே தண்ணீர், ஆவணியில் 4, 5 அடி. அரை அடி தண்ணீர் நின்றால் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கூடை எடுத்தா நிறைய ஊறும்" என்று ஒருத்தர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டால் கடல் ஊறும்.

முதல் தண்ணீர் கலங்கல், அதை விட்டுவிட வேண்டும். தெளிந்ததும் சிரட்டை அகப்பையால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். வாளியை முக்கினால் அடி கலங்கும். சிரட்டையில் மொள்ளும்போது வேகம் தானாகவே குறைகிறது. பார்க்கிறவர்கள் பழங்கால வழக்கம் என்று படம் எடுப்பார்கள். உண்மையில் அது பம்ப் போடாமல் இருப்பதற்கான பொறியியல்.

13 ஜூன், வாடைக்கரை

விட்டுப்போனது. உப்பு ஏறிவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நாக்கு அதற்கும் முன்னாலேயே சொல்லும். ஆனால் தினம் அதையே குடிக்கிறவர் நாக்கு பழகிப்போயிருக்கும், வெளியூர் ஆளிடம் கொடுத்துக் கேட்பது நல்லது.

கரித்தால் அந்த ஊற்றை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்குப் போக வேண்டும். இறைத்து நல்லதாக்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு, இறைக்க இறைக்க இன்னும் உப்புதான் வரும். ஒரு பெரிய கிணற்றைவிட, தள்ளித் தள்ளி 4 சின்ன ஊற்று மேல்.

14 ஜூன், சர்வே சங்கிலி

40 மடங்கு என்பது இரண்டு தண்ணீருக்கும் நடுவே கத்தி வெட்டின மாதிரி கோடு இருந்தால்தான். இந்த மாதிரி ஒடுங்கின மணலில் இரண்டும் கலந்த கரிப்புப் பட்டை ஒன்று நடுவில் இருக்கும். நல்ல தண்ணீரில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். 2 மீட்டர் என்று நீங்கள் சொன்ன இடத்தில் குடிக்க ஆகிறது ஒரு மீட்டர் இருந்தால் அதிகம்.

14 ஜூன், வாடைக்கரை

சரி. ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் சிரட்டைக்கு இன்னும் கூடுதல் மரியாதை.

14 ஜூன், உருளைக்கட்டை

புயலில் கடல் குறுக்கே புரண்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உப்பு அப்போது கீழேயிருந்து வராது, மேலேயிருந்து இறங்கும். அலை ஏறாத மேட்டின் அடியில் புதிதாகத் தோண்ட வேண்டியதுதான். பழைய ஊற்று அடுத்த நல்ல மழைவரைக்கும் ஆகாது.

இன்னொன்று கக்கூஸ். மணலில் எதுவும் நிற்காது, எல்லாம் ஓடும். ஊற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, அதுவும் தண்ணீர் ஓடும் திசைக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். 2017 ஜூலையில் சத்திரத்திலிருந்து முனைவரைக்கும் 9.5 கி.மீ. தார்ச்சாலை திறந்ததற்கப்புறம் வருகிற கூட்டம் சவுக்குப் பக்கம் ஒதுங்குகிறது. அந்த மணலுக்கு அடியில்தான் ஊர் குடிக்கிற தண்ணீர். கொதிக்க வைத்துக் குடிப்பது கட்டாயமாகிவிட்டது.

21 ஜூன், மேலமாசி வீதி

தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்ததே, இப்போது போனால் கரைவலை பார்க்கலாமா?

21 ஜூன், வாடைக்கரை

அந்த 61 நாள் தடை (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14) விசைப்படகுக்கு. கரைவலைக்கும் நாட்டுப்படகுக்கும் அது கிடையாது. கரைவலையைக் காற்றுதான் தடுக்கும். இப்போது கச்சான் (தென்மேற்குக்) காற்று, ஆண் கடல் பக்கம் கொந்தளிப்பு, பெண் கடல் பக்கம் அமைதி. புதியவர்களுக்கு: மன்னார் வளைகுடா ஆண் கடல், பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். ஐப்பசியில் வாடை பிறந்ததும் இது தலைகீழாகும். "பெண் கடல் சாது" என்று பலகை எழுதாத குறையாகச் சொல்லும் வழிகாட்டிகள் மார்கழியில் அந்தக் கரையைப் பார்த்ததில்லை. 1964இல் ஊரை அழித்ததும் மார்கழிப் புயல்.

கடல் மாறினால் படகும் மாறும். இன்ஜினைக் கழற்றி, அடியில் உருளைக் கட்டை போட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிலத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு போவார்கள். நாலு கட்டை போதும், பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போட ஒரு பையன் இருந்தால். அல்லது டிராக்டர்.

22 ஜூன், உருளைக்கட்டை

என் பேரைச் சொன்னதால் கரைவலையை நான் சொல்கிறேன்.

ஒரு முனைக் கயிறு கரையில் நிற்கும். படகு மறுமுனையை எடுத்துக்கொண்டு வளைவாகப் போய், நடுவில் மடியை (வலையின் பையை) இறக்கி, தள்ளி வேறொரு இடத்தில் கரையேறும். மேலே மிதப்பு, கீழே ஈயம். அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுப்பு, மொத்தம் 20 முதல் 30 பேர். மூன்று நான்கு மணி நேரம். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து கடைசியில் சேர வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே என்றால்: ஒரு அணி முந்தினால் மடி கோணும், கீழ்க்கயிறு தரையை விட்டு எழும்பும், மீன் அடியால் போய்விடும். அம்பா பாட்டு எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான், இரண்டு அணியும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுக்க. நீவாடு பலமாக இருந்தால் வலை மொத்தமும் ஒரு பக்கம் தள்ளிப்போகும், அதனால் நீவாடு வருகிற பக்கம் கொஞ்சம் மேலேயே இறக்க வேண்டும். சொறி (ஜெல்லிமீன்) நிறைந்த நாளில் மடி இழுக்கவே முடியாத பாரம், மீனும் நசுங்கும். அன்றைக்கு இரண்டாம் வலை போடாமல் விடுவது புத்தி. அடியில் பார் (பாறை) இருந்தால் வலை கிழியும், அது தெரிந்த கரையில் யாரும் போடுவதில்லை.

வேடிக்கை பார்ப்பவர்கள் கயிறு பிடித்து இழுத்துப் படம் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் இரண்டு அணிக்கும் நடுவே தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள்.

22 ஜூன், மேலமாசி வீதி

கருவாடு அங்கேயே வாங்கலாமா? போனமுறை வாங்கினது மணல் கடித்தது.

22 ஜூன், உருளைக்கட்டை

மணலில் போட்டால் மணல் கடிக்கும். பழைய வலையை இடுப்பு உயரத்தில் பந்தல் மாதிரி கட்டி அதில் உலர்த்தினதைக் கேட்டு வாங்குங்கள். அடியிலும் காற்று போகும், ஒரு நாள் மிச்சம். நெத்திலியை உப்பில்லாமலே காயவைக்கலாம், சின்ன உடம்பு. சூடை, காரல் என்றால் உப்பு வேண்டும். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: வளைந்தால் ஈரம், வீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். பட்டென்று ஒடிந்தால் எடுங்கள்.

6 ஜூலை, மேலமாசி வீதி

போய் வந்தாயிற்று. அரிச்சல்முனையில் செல்போனில் "இலங்கைக்கு நல்வரவு" என்று எஸ்எம்எஸ் வந்தது. நேரமும் மாறுமா?

6 ஜூலை, சர்வே சங்கிலி

மாறாது. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான். அதற்கு முன் பத்து வருஷம் அங்கே கடிகாரம் முன்னால் ஓடியது. போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்தால் ரோமிங் காசு போகும். அமைப்பில் நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து மாற்றி நம் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள், ரோமிங் டேட்டாவை அணைத்துவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலேயே செய்துவிட்டால் நல்லது, முனையில் போய்ச் செய்யும்போது சிக்னல் தடுமாறும்.

6 ஜூலை, வாடைக்கரை

அக்கரைக் கோபுரம் என்றதும் உறைத்தது. பனை 15 மீட்டர் என்று கணக்குப் போட்டேன். உயரமானது பனை மட்டும்தானா? மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரிலிருந்து 30 காற்றாலைகள் சுழல்கின்றன. இறகு நுனி 130 மீட்டருக்கு மேல். அந்தச் சூத்திரத்தில் போட்டால் 44 கி.மீ., நம் பங்கு 5, மொத்தம் 49. தலைமன்னார்ப் பக்கத்து ஆலைகள் அந்தத் தூரத்துக்குள் வந்துவிடும். ஆக மழை கழுவின தெளிந்த காலையில், பைனாகுலர் இருந்தால், கணக்குப்படி இறகுகள் தெரியலாம். கடல்மட்டத்தில் 35 கி.மீ. மூட்டத்தை ஊடுருவிப் பார்க்க வேண்டும், அது வேறு.

உறவினரிடம் மன்னிப்பு கேட்க வேண்டாம். வெறும் செல்போனில் அவர் எடுத்தது மணல் தீடைதான். ஆனால் "மூன்றும் தப்பு" என்பதை இரண்டரை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

19 ஜூலை, மேலமாசி வீதி

கேட்க மறந்தது. எங்கள் முன்னால் ஒரு கார் ரோட்டை விட்டு மணலில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஆறு பேர் தள்ளியும் வரவில்லை.

19 ஜூலை, உருளைக்கட்டை

தள்ளத் தள்ள ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார். சக்கரம் சுற்றினால் அது குழி தோண்டுகிறது என்று அர்த்தம். காலை எடுத்துவிட வேண்டும்.

ஆட்கள் இறங்கி, சாமான் இறக்கி, நான்கு சக்கரத்திலும் காற்றை 15, 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். டயர் சப்பையாகி மணல் மேல் பரவும். சக்கரத்துக்கு முன்னாலும் வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் மணலை வழியுங்கள், வயிறு மணலில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. பனைமட்டையோ கால்மிதியோ டயருக்கு அடியில் கொடுங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பது எளிது, அங்கே மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். மெதுவாக, ஸ்டியரிங் நேராக. தார் ஏறியதும் அந்தக் காற்றோடு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றடிக்கிற சின்ன மோட்டார் கையில் இருப்பது நல்லது, பங்சர் கடை ராமேஸ்வரத்தில்தான். திரும்பினதும் வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ரோடு போடுவதற்கு முன் ஓடின வேன்காரர்கள் இதையெல்லாம் தூக்கத்தில் செய்வார்கள்.

19 ஜூலை, வாடைக்கரை

கச்சான் மாசங்களில் ரோட்டிலேயே மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும். இருசக்கர வண்டிக்குத்தான் ஆபத்து, தார் என்று நினைத்துத் திருப்பும்போது வழுக்கும்.

அந்த மணலை நிறுத்தச் சுவர் எழுப்பினால் நிற்காது. காற்று சுவரில் மோதிக் கீழே பாய்ந்து அடியைக் குடைந்துவிடும். ஊர்க்காரர் பனையோலை வேலி கட்டுவது ஓட்டை ஓட்டையாக இருக்கும், பாதிக் காற்றை விட்டுவிடும். வேகம் குறைந்த காற்று வேலிக்குப் பின்னால் மணலைப் போட்டுவிட்டுப் போகும். வேலி புதைந்ததும் அதன் தலைமேலேயே அடுத்த வேலி. வீட்டுக்கம்பு 3 அடி மணலுக்குள், கட்டு எல்லாம் பழைய வலைக்கயிறு. ஆணி அடித்தால் உப்புக்காற்றில் துரு தின்று, ஒரு காற்றில் கூரை போகும். கயிறு கொஞ்சம் நெகிழும், ஆணி நெகிழாது.

3 ஆகஸ்ட், சர்வே சங்கிலி

தீடையைப் பற்றிப் பேசிவிட்டு அதில் இறக்கிவிடப்படுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். 2022 மார்ச்சிலிருந்து, இலங்கையில் விலைவாசி தாங்காமல் வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் தீடையில் இறக்கிவிட்டு "இதுதான் இந்தியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பியது பல தடவை நடந்தது. கரைக்கு வந்தால் பிடிபடுவோம் என்ற பயம் படகுக்காரருக்கு. இறங்கினவர்களுக்குக் கரை தெரியும், நடந்துவிடலாம் என்று தோன்றும். நடுவில் கால்வாய் மாதிரி ஆழமும் இழுப்பும் இருக்கிறது. தீடையில் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்காது, மழையைப் பிடித்து வைக்கிற அகலம் அதற்கு இல்லை. நிழலும் இல்லை.

தீடையில் ஆள் அசைவது தெரிந்தால் தமிழகக் கடலோரப் போலீஸ் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. எத்தனையாவது தீடை என்று கணக்கு சொல்ல வேண்டும், நம் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். குழந்தை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். சாதாரண ரோந்துப் படகு அந்த ஆழத்தில் தட்டும், அதனால்தான் மண்டபத்திலிருந்து ஹோவர்கிராஃப்ட் வருகிறது. அது மணலிலேயே ஏறி நிற்கும்.

3 ஆகஸ்ட், மேலமாசி வீதி

முனையில் குளிக்கலாமா? எல்லாரும் இறங்குகிறார்கள்.

3 ஆகஸ்ட், வாடைக்கரை

முழங்காலோடு சரி. முனையின் வடிவம் நிலையாக இல்லை. கச்சானில் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளையும், வாடையில் மறுபக்கம். புதிதாகச் சேர்ந்த மணலுக்கு விளிம்பு செங்குத்து. நிற்கிற இடத்தில் கணுக்கால், அடுத்த இரண்டு எட்டில் ஆள் ஆழம், அங்கே இரண்டு கடலும் முட்டி ஓடுகிற இழுப்பு. போன வருஷம் பத்திரமாகக் குளித்த இடம் என்பது இந்த வருஷத்துக்கு ஆகாது.

19 அக்டோபர், உருளைக்கட்டை

வாடை தொடங்குகிறது. பெண் கடல் பக்கம் இருந்த படகுகள் இனி ஆண் கடல் பக்கம் வரும். பூநாரை பார்க்க வருகிறவர்கள் இதே சமயம் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்: ஜூன் 5இல் அரசு 524 ஹெக்டேர் சொச்சத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பறவை நிற்பது உள்வாங்கின சேற்றுத் தண்ணீரில், ரோட்டிலிருந்தே தெரியும். டிரோன் விடாதீர்கள். பறவை கூட்டமாக எழும்பும், அது ஒரு பக்கம். எல்லைப் பகுதி, அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கருவியையும் ஆளையும் தேடி வருவார்கள், அது இன்னொரு பக்கம்.

20 அக்டோபர், மேலமாசி வீதி

அண்ணே, ஊற்றுக்கு டிரம் என்றீர்களே, பெயின்ட் டிரம் ஆகுமா? பழைய கடையில் மலிவாகக் கிடைக்கிறது. கேட்பது எனக்கில்லை, பாலம் பக்கம் தெரிந்தவர் ஒருத்தருக்கு.

20 அக்டோபர், வாடைக்கரை

ஆகாது. பெயின்ட், பூச்சிமருந்து, ஆசிட் வந்த டிரம் எதுவும் வேண்டாம், எத்தனை கழுவினாலும். எண்ணெய், வெல்லப்பாகு, ஊறுகாய் வந்த டிரம்மா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தகர டிரம்மும் வேண்டாம், இரண்டு மழையில் துரு. பக்கவாட்டில் ஓட்டை போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். போட்டால் மணல் உள்ளே கொட்டும். தண்ணீர் அடியிலிருந்து வந்தால் போதும். ஒரு மூடி, மூடி மேல் ஒரு கல். ஆடு குடிக்க வரும்.